காலிச் சங்கு

அந்தக் கரையில் எந்தச் சங்கு காலியாகக் கிடக்கிறது என்பது உள்ளான் குருவிக்கு மட்டும்தான் தெரியும். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு உடம்பு பெருக்கப் பெருக்க வீடு பற்றாது. பிதுங்கி நிற்கும் நண்டைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் நண்டுகள் உள்ளானைத்தான் தேடி வரும். "உனக்காகத்தான் சொல்றேன், வெளியே விட்டுடாதே" என்று இடத்தைக் காதோடு காதாகச் சொல்லி, கூலிக்கு ஒரு புழு வாங்கிக்கொள்ளும் உள்ளான்.

ஒரு நாள் அலை, பெரிய சங்கு ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போனது. உள்ளானுக்குப் பேராசை. கண்ணில் பட்ட நண்டுகளிடமெல்லாம் தனித்தனியாக அதே ரகசியத்தைச் சொல்லிவிட்டது.

எல்லாமே ஒன்றாக வந்து நின்றன.

"எனக்கு மட்டும்னுதானே சொன்னீங்க, அண்ணே?" என்றது கடைசியில் நின்ற பொடி நண்டு.

அடிதடி நடக்கப்போகிறது என்று உள்ளான் பறக்க இறக்கையை விரித்தது.

நண்டுகளோ பெரிசு முன்னால், சிறிசு பின்னால் என்று வரிசை கட்டின. முதல் நண்டு பெரிய சங்குக்குள் புகுந்தது. அது விட்ட வீட்டுக்குள் அடுத்தது, அதன் வீட்டுக்குள் அதற்கடுத்தது என்று பொடி நண்டுவரை மாறிக்கொண்டே போனது. விரித்த இறக்கையை மடக்கக்கூட உள்ளானுக்குத் தோன்றவில்லை. காட்டியது ஒரே ஒரு வீடுதான், கரையே குடியேறிவிட்டது.

பொடி நண்டு விட்டுப்போன மிளகளவு சங்கு மட்டும் மணலில் மிஞ்சிக் கிடந்தது. உள்ளான் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி கத்தியது:

"இங்கே ஒரு வீடு காலியா இருக்கு."