பதினெட்டு செகண்ட் மிச்சம்

போன்ல மறுபடியும் பத்து செகண்ட் பின்னாடி போகுது அம்மா.

பஸ்ஸு சங்ககிரி தாண்டியாச்சு. மூணு பேர் சீட்டு. ஜன்னலோரம் நான், நடுவுல அம்மா, அந்தப் பக்கம் பூக்கூடையோட யாரோ ஒரு அக்கா.

ஒரே இயர்போன். ஒரு முனை அம்மா காதுல, இன்னொண்ணு என் காதுல. நாங்க எப்பவும் இப்படித்தான் படம் பாப்போம்.

இன்னிக்குப் படத்துல நான்.

மத்தியானம் சேலத்துல நடந்த கராத்தே ஃபைனல். அம்மா கேலரில நின்னு போன்ல எடுத்தது.



அம்மா பனியன் கம்பெனில செக்கிங். நாள் முழுக்க துணியத் திருப்பித் திருப்பிப் பாக்கற வேலை. ஒரு தையல் விட்டிருந்தா போதும், கண்ணு அங்கதான் போயி நிக்கும்.

வீட்டுக்கு வந்தா பொம்மப்படம். அதுலயும் சண்டைப் பொம்மப்படம். தமிழ்ல பேசறது, ஜப்பான்காரங்க பேசறது, எதையும் விடாது. "என்ன தேவகிக்கா, நேத்து யாரு யாரப் போட்டு அடிச்சாங்க"ன்னு கம்பெனில கிண்டல் பண்ணுவாங்களாம். அம்மா அசராது. டிபன் பாக்ஸ் மூடிய வில்லனா நிறுத்தி வெச்சு முழுக்கதையும் சொல்லும். பாதில கிண்டல் பண்ணவங்களே "அப்பறம்?"னு கேப்பாங்களாம்.

சண்டை வந்தா மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாக்கும். பின்னாடி போகும். ஒவ்வொரு அடியா.

"அடி எல்லாருந்தான் அடிப்பாங்க கண்ணு. தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஒருத்தன் என்ன பண்றான் பாரு. கதை அங்கதான் இருக்குது."

அந்தக் கதைங்களுக்காகத்தான் என்னைக் கராத்தேல சேத்துவிட்டுச்சு. போட்டி பாக்க வந்தது இன்னிக்குத்தான் மொதத் தடவ.

ஃபைனல்ல ஸ்கோரு நாலுக்கு ஒண்ணு. நாந்தான் அந்த ஒண்ணு. பதினெட்டு செகண்ட் மிச்சம்.

எதிர்ல தர்மபுரிப் பொண்ணு. சுபிதா.

கேலரிய ஒரு தடவ பாத்தேன். போன் என்னையே பாத்துட்டு இருந்துச்சு.

முகத்துல லேசாத் தொட்டா பாயிண்ட். பலமாப் பட்டுட்டா அடிச்சவங்க அவுட். அதான் ரூல்.

அவ கை என் மூக்குக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. அவளே நிறுத்துனா. எனக்குக் காத்துதான் பட்டுச்சு.

நான் விழுந்தேன்.

யோசிச்சு விழல. சத்தியமா. விழுந்ததுக்கு அப்பறந்தான் யோசிச்சேன். மூக்கப் பொத்திக்கிட்டு, மேட்ல கன்னத்த வெச்சுக்கிட்டு, எந்திரிச்சரலாமான்னு யோசிச்சேன்.

எந்திரிக்கல.

நடுவருங்க கூடிப் பேசுனாங்க. சுபிதா அவுட்டுன்னு சொன்னாங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரும் கை குடுக்கணும். குடுக்கறப்ப அவ மெதுவாக் கேட்டா. "நெசமாவே பட்டுச்சாக்கா?"

நான் ஆமான்னு தலைய ஆட்டுனேன்.

இத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.

இயர்போன்ல கேக்குது. "ஐயோ சாமி, எம் புள்ள." அம்மாவோட கொரலு. படம் ஆடுது.

அதுக்கடியில சின்னதா இன்னொரு கொரலு. சுபிதா.

"சார், படலைங்க சார்."

நான் அத அங்கயே கேட்டேன். அம்மா இப்பத்தான் கேக்குது.

பத்து செகண்ட் பின்னாடி.

கை வருது. நிக்குது.

அம்மா படத்த நிறுத்துச்சு. ரெண்டு வெரல வெச்சுப் பெருசு பண்ணுச்சு. இந்தப் பக்கம் சுபிதாவோட கை. அந்தப் பக்கம் என் மூக்கு. ரெண்டுக்கும் நடுவுல, பின்னாடி செவுத்தோட மஞ்ச பெயிண்ட்டு தெரிஞ்சுது.

பவானி வந்துச்சு. முறுக்கு விக்கறவங்க ஏறி எறங்குனாங்க. அம்மா தலைய நிமித்தல.

திட்டும்னு பாத்தேன். திட்டிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு. எறங்கு, சேலத்துக்கே போலாம்னு சொல்லியிருந்தாக்கூட எறங்கியிருப்பேன். மெடல் பைக்குள்ள கெடக்கு, அழுக்கு டிரெஸ்ஸுக்கு அடியில. அம்மாதான் கழுத்துல போட்டுக்கச் சொல்லுச்சு. வேர்க்குதும்மான்னு சொல்லிட்டேன்.

போன்ல மெசேஜ் வந்துச்சு. குடும்ப குரூப்ல சித்தி. "வீடியோ எங்கக்கா? எல்லாரும் காத்துட்டு இருக்கறம்."



அம்மா வெட்டறதுக்கு வீடியோவத் தொறந்துச்சு. இடது ஓரத்துல கட்டைவெரல வெச்சு மெதுவாத் தள்ளுச்சு. நாலுக்கு ஒண்ணு போச்சு. சுபிதாவோட கை போச்சு. நான் விழுந்தது போச்சு. "எம் புள்ள" போச்சு. "படலைங்க சார்" போச்சு.

ஒரு கையில மூக்கப் பொத்திட்டு நான் நிக்கறேன். இன்னொரு கைய நடுவர் தூக்கறாரு.

அங்க நிறுத்துச்சு. அதுலருந்து ஆறு செகண்ட்.

அனுப்பிருச்சு.

கை தட்டற பொம்மைங்க வரிசையா வந்து விழுந்துச்சு. சித்தி போனே போட்டுட்டாங்க. இயர்போன் இன்னும் என் காதுலதான் இருந்துச்சு.

"மூக்கப் புடிச்சுட்டு நிக்கறா, அடி பலமாக்கா?"

அம்மா என்னைப் பாக்கல. முன்சீட்டுக் கம்பியப் பாத்துச்சு.

"பலந்தான். ஒரு பக்கம் வீங்கிப் போச்சு."

கொரல்ல ஒரு திக்கல் இல்ல.

பூக்கூடை அக்கா குனிஞ்சு, அம்மாவத் தாண்டி என் முகத்தப் பாத்தாங்க.

நான் கையத் தூக்கி மூக்கு மேல வெச்சேன்.

திருப்பூர் வர்ற வரைக்கும் எடுக்கல.