இரண்டாம் சரணத்துக்கு முன்

விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

சரியான இடத்தில் நிறுத்தினான். சரியான இடத்தில் மறுபடி எடுத்தான்.

இடது காதில் இயர்போன் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மாதமாக இப்படித்தான். ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்தக் காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தது. பிறகு பஞ்சும் இல்லை, எதுவும் இல்லை. நரம்பு என்றார் டாக்டர். பட்டறைச் சத்தமாக இருக்கலாம் என்றார். திரும்ப வருமா என்று கேட்டான். அவர் பேனாவை மூடி வைத்தார்.

மனைவி வளர்மதியிடம் சொல்லவில்லை.

லால்குடியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஜன்னல் பக்கம் வளர்மதி. அவளுக்கு வலப்புறம் அவன். ஒரு வயர். ஒரு முனை அவள் வலது காதில், மறுமுனை அவன் இடது காதில். முனை மாறியதே இல்லை. சத்திரம் பேருந்து நிலையம் வரும்வரை அப்படியே. அதன் பிறகு அவள் துணிக்கடைக்கு, அவன் பட்டறைக்கு.

தனியார் பேருந்து முன்னால் நிற்கும். ஏறமாட்டார்கள். அதில் டிரைவர் போடுவதுதான் பாட்டு.

வீட்டிலும் பாட்டுக் கிடையாது. அப்பாவுக்கு நாள் முழுக்கச் செய்தி ஓட வேண்டும். மகளுக்குப் பரீட்சை.

வயர் இல்லாத இயர்போன் ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். வளர்மதி அதை டப்பாவோடு பீரோவில் வைத்துவிட்டாள். வயர் இருந்தால்தான் ஒட்டி உட்கார முடியும். அவள் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியும்.

கொள்ளிடம் நெருங்கும்போதுதான் பாட்டைப் போடுவாள், எப்போதும் ஒரே பாட்டுத்தான் முதலில். பாலத்தில் ஏறும்போது இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இசை. அங்கே எப்போதும் ஒரே சண்டை.

"இந்தா, புல்லாங்குழல் வருது பாருங்க."

"வயலின்டி அது. இந்தப் பாட்டுல புல்லாங்குழலே கிடையாது."

"உங்க காதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

வருஷக்கணக்காகச் சொல்லும் கேலி. போன வாரமும் சொன்னாள். அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அது.

தெரிந்தால் அவள் அழமாட்டாள். 'அப்ப வேணாங்க' என்பாள். வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவாள். தனியாகவும் கேட்கமாட்டாள். மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து போவார்கள். மளிகை பேசுவார்கள்.

அதனால் தாளம்.

பாலம் வந்தது. வயலினை நினைத்துக்கொண்டான். விரல்கள் காத்திருந்தன. சரணம். மீண்டும் பல்லவி. கடைசியாக ஒரு தட்டு.

முடிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் இன்றைக்கு வேறு பாட்டைப் போட்டிருக்கிறாள்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். தலை நின்றது.

திருவானைக்காவில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"நேத்து மாவு மில்லு ரேடியோல வந்துச்சு," என்றாள். "கல்யாணமான புதுசுல கேட்டது. மறந்தே போயிருந்தேன். அதான் போட்டேன்."

முகம் முழுவதையும் அவள் பக்கம் திருப்பிக் கேட்டான். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறான்.

"நல்லாருக்கு."

எந்தப் பாட்டு என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வயரைச் சுருட்டினாள். வழக்கத்தைவிட மெதுவாக.

மறுநாள் விடியும்போதே தூறல்.

அதே பேருந்து, அதே இருக்கை. அவள் உட்காரவில்லை. ஒதுங்கி வழிவிட்டு நின்றாள்.

"நீங்க உள்ள போங்க. ஜன்னல்ல வெயில் அடிக்குது."

கண்டக்டர் குனிந்து வெளியே பார்த்தார். "வெயிலா? எங்கம்மா?"

"நீங்க டிக்கெட்டைக் கிழிங்கண்ணே."

இத்தனை வருஷத்தில் ஜன்னலை அவள் யாருக்கும் விட்டதில்லை. மகளுக்குக்கூட.

அவன் உள்ளே போனான். அவள் அவனுக்கு வலப்புறம் உட்கார்ந்தாள். வயரின் சிக்கலைப் பிரித்தாள். எப்போதும் தன் காதில் இருக்கும் முனையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அவன் வலது காதில் தானே செருகினாள். விரல் ஒரு கணம் கூடுதலாக அங்கே நின்றது.

இத்தனை நாள் அவன் காதில் இருந்த மறுமுனையைத் தன் இடது காதில் வைத்துக்கொண்டாள்.

கொள்ளிடம் நெருங்கியதும் அந்த வழக்கமான பாட்டு.

ஒரு மாதத்துக்குப் பிறகு. தபேலா. குரல். அந்தக் குரலில் மூச்சு இழுக்கும் சத்தம்கூட இருந்தது. அதை அவன் நினைவில் வைத்திருக்கவில்லை.

தாளம் போட மறந்து உட்கார்ந்திருந்தான்.

கொள்ளிடம் பாலம். கீழே மணல். தூரத்தில் கொஞ்சம் தண்ணீர். தூறல் ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கியது.

முதல் சரணம் முடிந்தது.

புல்லாங்குழல் வந்தது.

தனியாக, மெல்லியதாக, பாலத்தின் நீளம் முழுக்க. தேடிப் பார்த்தான். வயலின் எங்கேயும் இல்லை.

தோற்றுப்போனதைச் சொல்ல அவள் பக்கம் திரும்பினான்.

அவள் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. புதிதாக ஒன்றைக் கேட்பவளின் முகம்.

"ஆமாங்க," என்றாள். "வயலின்தான்."