நல்லா கேக்குதுங்க

"என் மானத்த வாங்கிட்ட தமிழு."

பசுமலையில வண்டிய எடுத்த அழகுபாண்டி, கோச்சடை வந்து சேர்ற வரைக்கும் வாய மூடல. பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே வந்தா அவன் பொண்டாட்டி தமிழ்ச்செல்வி.

விசயம் இதுதான். அவ அண்ணன் ராம்கி பசுமலையில புது வீடு கட்டி, இன்னைக்குத்தான் பால் காய்ச்சினான். சொந்தக்காரங்க எல்லாரும் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்ப, "தங்கச்சி ஒரு பாட்டு வாசிக்கும்"னு தன் மகளோட கீபோர்டக் கொண்டாந்து வச்சுட்டான்.

அவளும் ஆசையாத்தான் உக்காந்தா. முதல் கட்டைய அமுக்கினதும் வந்த சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டா. அப்புறம் ஒரு விரல் தப்புச்சு. அதத் திருத்தப் போயி இன்னொண்ணு. பாதிப் பாட்டுலயே எந்திரிச்சுட்டா.

சபையில யாரும் ஒண்ணும் சொல்லல. கட்டுன புருசன்தான் சொன்னான்.

"நான் ஒரு குறையும் வைக்கல மச்சான். கம்ப்யூட்டர்ல கனெக்‌ஷன் குடுத்து, ஹெட்போன் மாட்டி, அம்புட்டும் செஞ்சு குடுத்திருக்கேன். தினமும் தட்டிக்கிட்டுத்தான் இருக்கா. மண்டையில ஏறுனாத்தானே."

எல்லாரும் சிரிச்சாங்க. குனிஞ்சபடியே அவளும் சிரிச்சு வச்சா.

வீட்டுக்குள்ள நுழைஞ்சும் அவனுக்கு ஆத்திரம் அடங்கல. நேரா கம்ப்யூட்டர் முன்னாடி போயி உக்காந்தான்.

"இம்புட்டு நாளா அப்படி என்னத்தத்தான் வாசிச்சேன்னு இன்னைக்கு நானே பாக்குறேன்."

"வேணாங்க. அலுப்பா இருப்பீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஏன், வண்டவாளம் தெரிஞ்சுபோயிருமா?"

அவ காப்பி போடுறேன்னு அடுப்படிக்குப் போயிட்டா.

இவங்க வீட்டுல இருக்குற கீபோர்டு, போன பொங்கலுக்கு ராம்கி தங்கச்சிக்குக் கொடுத்த சீர். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல்ல தூங்குற மனுசன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. கீபோர்டுலயே ஹெட்போன் சொருக இடமும் இல்ல. அதனால சத்தம் வெளிய வராம, கம்ப்யூட்டரோட சேத்து ஹெட்போன்ல கேக்குற மாதிரி செஞ்சிரலாம்னு பேசுனாங்க.

"நான் மாட்டித் தாரேன் மாப்ள. இது நீங்க திருமங்கலத்துக் கடையில விக்கிற பைப்பு மாதிரி இல்ல, சொருகுனதும் தண்ணி வர்றதுக்கு"ன்னான் ராம்கி. கூட வந்திருந்த உறவுக்காரங்க சிரிச்சுட்டாங்க.

அழகுபாண்டிக்கு சுருக்குன்னுச்சு. "எங்க வீட்டு கம்ப்யூட்டர எனக்குத் தெரியாதா மச்சான்? நீங்க சும்மா உக்காருங்க."

ஒயரோட ஒரு முனைய கீபோர்டுல சொருகினான். மறுமுனைய கம்ப்யூட்டர்ல சொருகினான். ஹெட்போனையும் கம்ப்யூட்டர்ல மாட்டினான். கீபோர்டோட சத்தத்த சுத்தமா இறக்கி வச்சான். அத்தன பேரும் சுத்தி நின்னு வேடிக்கை பாத்ததுல சட்டை தெப்பமா நனைஞ்சுபோச்சு.

தமிழ்ச்செல்வி ஹெட்போனக் காதுல வச்சுக் கட்டைய அமுக்கிப் பாத்தா. கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் முகமெல்லாம் சிரிப்பா, "நல்லா கேக்குதுங்க"ன்னா.

அழகுபாண்டி ராம்கிய ஒரு பார்வை பாத்தான். அன்னைக்குப் பூரா அவன் கால் தரையில படல.

அதுக்கப்புறம் அந்த ஹெட்போன ஒருநாளாவது தான் எடுத்து மாட்டிப் பாக்கணும்னு அவனுக்குத் தோணல. இன்னைக்குத்தான் மாட்டினான். ஒரு கட்டைய அமுக்கினான்.

ஒண்ணும் கேக்கல.

அழுத்தி அமுக்கினான். வரிசையா எல்லாக் கட்டையையும் தட்டினான். டக்கு டக்குன்னு கட்டை ஆடுன சத்தந்தான். ஒயரு எல்லாம் அன்னைக்கு அவன் சொருகுனபடியே இருந்துச்சு. ஹெட்போன்தான் கெட்டுப்போச்சோன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பாட்டப் போட்டான். காதே கிழியுற மாதிரிக் கேட்டுச்சு.

ராம்கிக்குப் போனப் போட்டான்.

"மச்சான், கடைக்கு வர்ற ஒருத்தர் கேட்டாரு. கீபோர்டக் கம்ப்யூட்டர்ல மாட்டுனா சத்தம் வரலையாம்."

"ஒயர் மட்டும் மாட்டிருப்பாரு மாப்ள. அதுல சத்தம் போகாது. எந்தக் கட்டைய அமுக்குனோம்ங்கிற சேதி மட்டுந்தான் போகும். அதச் சத்தமாக்குறதுக்கு கம்ப்யூட்டர்ல தனியா ஒரு சாஃப்ட்வேர் ஏத்தணும்."

"அது இல்லாட்டி கொஞ்சங்கூடக் கேக்காதா?"

"பொட்டுச் சத்தம் கேக்காது. ஏன் மாப்ள, நீங்களே போயி சரி பண்ணிக் குடுக்கலாமே? அன்னைக்கு எங்க வீட்டுக்காரரே மாட்டிட்டாருன்னு தமிழு இன்னும் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுது."

போன எப்ப வச்சான்னு அவனுக்கே தெரியல. அன்னைக்குச் சுத்தி நின்ன அதே ஆளுங்க முன்னாடிதான், இன்னைக்கு அவள மண்டையில ஏறாதவன்னு சொல்லிட்டு வந்திருக்கான்.

தமிழ்ச்செல்வி காப்பியோட வந்து நின்னா. அவன் கையில இருந்த ஹெட்போனப் பாத்ததும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

"அப்ப, இம்புட்டு நாளும் என்ன செஞ்ச தமிழு?"

"விரலாவது பழகட்டுமேன்னு தட்டிக்கிட்டு இருந்தேன். பாட்ட மனசுக்குள்ள பாடிக்கிருவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க."

"அன்னைக்கே கேக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஏன் நல்லா கேக்குதுன்ன?"

அவ காப்பிய மேசையில வச்சா.

"எங்கண்ணே உங்களப் பாத்துச் சிரிக்கிறதுக்குத் தயாரா நின்னுச்சுங்க. அதான், எனக்குக் கேட்டுருச்சு."