செட் ஆகாத கார்டு

மூன்றாவது கார்டுக்கும் திரை கறுப்பாகவே இருந்தது.

நிஜாம் பாய் உதட்டைப் பிதுக்கினார். என் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கார்டைக் கழற்றி, மேசை மேலிருந்த தன்னுடைய கம்ப்யூட்டரில் செருகினார். அதில் பளிச்சென்று படம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கார்டு நல்லாத்தானுங்க இருக்குது, அம்மணி."

அம்மணியாம். பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி. எங்கள் பக்கத்தில் ஏமாற்றுகிறவன்கூட வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போட்டுத்தான் ஏமாற்றுவான். பொள்ளாச்சிக்காரியான என்னிடமே அதைக் காட்டுகிறார்.

நான் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். என் கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்குப் பன்னிரண்டு வயது. செப்டம்பரில் அதன் கிராபிக்ஸ் கார்டு கருகிப்போனது. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் ஒரு போட்டோவைத் திறக்கச் சொல்லிவிட்டு, போய்ச் சோறு வடித்துவிட்டு வரலாம்.

ஆனைமலைக் கல்யாணம் ஒன்றின் ஆல்பம் பாதியில் நிற்கிறது. பெண் வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறாள். அதற்குள் கொடுக்காவிட்டால் ஸ்டூடியோக்காரர் இனி என்னைக் கூப்பிடமாட்டார். எனக்கு வேலை தருவது அந்த ஒரு ஸ்டூடியோதான்.

முதலில் கோவை காந்திபுரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒருவரும் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய போர்டுக்கு இந்தக் காலத்துக் கார்டு செட் ஆகாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவன் அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். புதிதாக வாங்க வசதியிருந்தால் நான் ஏன் இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன்?

உக்கடத்துச் சந்துக்குள் இருக்கும் இந்தக் கடைக்கார நிஜாம் பாய்தான் பழைய போர்டுக்கு ஆகிற கார்டு தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். முதல் தடவை ஒரு கார்டு போட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவை வேறொன்று. இரண்டு தடவையும் ஓடவில்லை. இரண்டு தடவையும் ஒரே பேச்சு, பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் உள்ளே நன்றாகத் துடைத்துக் கொண்டுவாருங்கள் என்று.

என் வீட்டில் அழுக்காம். இவர் கடையில் உட்காரும் ஸ்டூலே பிசுபிசுக்கிறது. மேசையில் ஆறிப்போன டீக்குள் ஓர் ஈ செத்து மிதக்கிறது. எரிந்த பிளாஸ்டிக் வாடை தொண்டை வரை இறங்குகிறது. இவர் எனக்குச் சுத்தம் சொல்கிறார்.

இருந்தாலும் துடைத்தேன். ஃபேன் இறக்கைகளைக்கூடக் காது குடையும் பஞ்சால் துடைத்தேன்.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது பொறுக்க முடியாமல் ஃபேஸ்புக்கில், கோவைக்காரர்கள் குழுவில், கடைப் பெயரோடு எழுதிவிட்டேன். ஓடாத கார்டை மாற்றி மாற்றித் தலையில் கட்டுகிறார்கள், இந்த ஆட்களிடம் போகாதீர்கள் என்று. 'இந்த ஆட்கள்' என்ற இடத்தில் விரல் கொஞ்சம் தயங்கியது. அழிக்கவில்லை. கிணத்துக்கடவு வருவதற்குள் பதினேழு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

"தெரியலைன்னாத் தெரியலைன்னு சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே?" என்று கத்தினேன். கத்தும்போதும் அந்தப் பாழாய்ப்போன 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது.

நிஜாம் பாய் பெட்டியைப் படுக்கவைத்து, சிறிய டார்ச்சை என் கையில் கொடுத்தார். கார்டு செருகுகிற நீளமான இடத்தைத் தள்ளி நின்றே காட்டினார்.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். செருகுவாயின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம். உள்ளே பித்தளைப் பற்களின் இடுக்கெல்லாம் இறங்கி இறுகியிருந்தது.

நான் வைத்ததுதான். ஆயுத பூஜையன்று. கருகிய கார்டைக் கழற்றிய பிறகு அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. புதுக் கார்டு நல்லபடியாக வந்து உட்கார வேண்டும் என்று, சந்தனத்தைக் குழைத்து அங்கேயே வைத்து, பொட்டிட்டுக் கும்பிட்டேன். பிறகு எத்தனை தடவை துடைத்தாலும் அதைச் சுற்றியே துடைத்தேன். அது என் கண்ணுக்கு அழுக்காகத் தெரியவே இல்லை.

"மொத நாளே பாத்துப்போட்டேனுங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "சாமி பொட்டு. நாங் கை வெச்சு அழிக்கறது தப்பாயிருமுங்க. சொன்னாலும் நீங்க எப்படி எடுத்துக்குவீங்களோன்னு, தொடைச்சுக் கொண்டாங்கன்னேன். வேற கார்டாச்சும் புடிக்குதான்னு மாத்தி மாத்திப் பாத்தேனுங்க."

டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தேன்.

ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு பிரஷையும் என் பக்கம் நகர்த்தினார். நீங்களே துடைத்துவிடுங்கள், உடனே ஓடிவிடும் என்றார். ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்தேன்.

அதற்குள் அவர் தன் போனை எடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"காலைல நீங்க எழுதுனதை மச்சான் அனுப்பியிருந்தானுங்க. தப்பா நெனைக்காதீங்க. நீங்க தொடைக்கறதை வீடியோ எடுத்து வெச்சுக்கறேன். நாளைக்கு ஆராச்சும் வந்து கேட்டா, பொட்டை நான் அழிக்கலைன்னு காட்டோணுமுங்க."

எழுதியதை அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். போன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடினேன்.

"மொகம் வேண்டாமுங்க, அம்மணி," என்றார் நிஜாம் பாய். "கை மட்டும் போதும்."