ராவா, ஜேபெக்கா?

“பிள்ளைங்க எல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்காங்க சார். இதையா அடையாள அட்டையில ஒட்டச் சொல்றீங்க?”

தலைமையாசிரியை உறையைக் கவிழ்த்தார். இருநூற்றுச் சொச்சம் முகங்கள் ஸ்டுடியோ மேஜையில் சரிந்தன. அத்தனையும் நீலம் பாரித்துக் கிடந்தன.

புகைப்படக்காரன் படங்களை அவசரமாக வாரிச் சேர்த்தான். பதினோரு வருடமாக அந்தப் பள்ளிக்கு அவன்தான் படம் எடுக்கிறான். அந்த ஒரு வேலையை நம்பித்தான் ஸ்டுடியோவே ஓடுகிறது.

“நாளை மறுநாளுக்குள்ள சரியான படம் வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிரிண்டர் பக்கம் நின்ற மனைவி மேல் பாய்ந்தான். வாடிக்கையாளரிடம் காட்ட முடியாத கோபத்துக்கு வேறு போக்கிடம் ஏது?

“எல்லாம் உன்னாலதான். ஜேபெக்ல எடுத்துட்டிருந்த வரைக்கும் யாராவது ஒரு குறை சொன்னாங்களா? ரா, ரான்னு உயிரை வாங்கினியே, இப்பப் பாரு!”

மூன்று வாரத்துக்கு முன் பிடிவாதம் பிடித்து மாற்ற வைத்தது அவள்தான். ஜேபெக்கில் எடுத்தால் நிறத்தைக் கேமராவே தீர்மானித்து, படத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடும். ராவில் எடுத்தால் விழுந்த வெளிச்சம் விழுந்தபடியே இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிறத்தை நாம்தான் வைக்க வேண்டும்.

“ஃபைல் என்னங்க பண்ணும்? நிறம் வெச்சது நீங்கதானே,” என்றாள் அவள். குரலில் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “ராவா இருக்கறதாலதான் இப்பவும் திருத்த முடியும். ஜேபெக்கா இருந்தா அத்தனை பிள்ளைங்களையும் மறுபடி வரிசையில நிக்க வெக்கணும்.”

“எதை வெச்சுத் திருத்தறது? லைட்டே மஞ்சளா அடிக்குதே!”

அவன் வேலை செய்யும் முறையே தனி. எங்கே போனாலும் முதல் படம் மனைவியுடையது. விளக்குக்கு முன்னால் அவளை நிறுத்தி ஒரு சோதனைப் படம் எடுப்பான். கம்ப்யூட்டரில் அவள் முகம் சரியாக வரும்வரை நிறத்தைக் கூட்டிக் குறைப்பான். பிறகு அதே அளவை மற்ற எல்லாப் படங்களுக்கும் ஒரே அழுத்தில் போட்டு, திறந்துகூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுவான்.

மற்ற ஸ்டுடியோக்காரர்கள் இதற்கென்றே ஒரு சாம்பல் அட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். இவனுக்கு அட்டை எதற்கு? அவள் முகத்தின் நிறம்தான் அவனுக்கு மனப்பாடமாயிற்றே.

அந்தச் சோதனைப் படம்தான் மூன்று வாரமாக மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. மஞ்சள் போகும்வரை நீலத்தைக் கூட்டித்தான் அவள் முகத்தைச் சரிக்கட்டினான். பல்பை மாற்றினான். புது பல்பும் சரியில்லை என்று கடைக்காரனிடம் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டான். பள்ளிக்கூட வராந்தாவில் வெயிலில் எடுத்தபோதும் மஞ்சள்தான். கடைசியில் பழி ரா மேல் விழுந்தது.

வீட்டிலும் அதே பேச்சு, அதே சண்டை. சண்டை தொடங்கியதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வீம்பு என்று நினைத்து அவனும் கண்டுகொள்ளவில்லை.

மதியம் கேமரா மெக்கானிக் வந்தார். லென்ஸைக் கழற்றிப் பார்த்தார், சென்சாரைத் துடைத்தார், விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டார். புகைப்படக்காரன் அவர் பின்னாலேயே அலைந்தான். இந்த வேலை கைவிட்டுப் போனால் ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டியதுதான்.

“ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்ணே. அண்ணி, இந்த வெள்ளைப் பேப்பரைக் கையில பிடிச்சுட்டுக் கொஞ்சம் நில்லுங்க.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சீக்கிரம் எடுத்துடுங்க,” என்றாள். கிளிக் சத்தம் கேட்டதும் மறுபடி நாற்காலிக்கே போய்விட்டாள்.

மெக்கானிக் அந்த ரா ஃபைலைத் திறந்து, தாளின் வெள்ளையை வைத்து நிறத்தைச் சரிசெய்தார். தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பின்னால் தொங்கிய சாம்பல் திரை சாம்பலாகவே இருந்தது. அவள் முகம் மட்டும் மஞ்சள்.

“பாத்தீங்களா! இதைத்தானே மூணு வாரமா கத்திட்டிருக்கேன்!” புகைப்படக்காரன் துள்ளாத குறை. கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே. “சென்சார் போயிடுச்சுதானே? இல்ல, இந்த ராவே வேணாம், ஜேபெக்குக்கே போயிடட்டுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

மெக்கானிக் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். படத்தில் அவள் கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கி, நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவளைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

“கேமரா சரியாத்தாண்ணே இருக்கு. அண்ணிய உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”