வெட்டாத பக்கம்

“அவன் திருடன்னு ஊருக்கே தெரியணும்மா.”

தேவசகாயம் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினான்.

“யாருப்பா?” என்றாள் மதலேனம்மாள், செபமாலையை உருட்டியபடி.

“கிருஷ்ணமூர்த்திதான். கூட வேலை பார்க்கிறவனாச்சேன்னு போன வருஷம் நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்தேனே. என் கருத்தைத் தன் பேர்ல பத்திரிகையில போட்டுட்டான். காலேஜுக்கு எழுதிட்டேன். மூணு மணி ரயில்ல தபால் போயிடணும்.”

“அந்தத் தம்பிக்கு வேலை போயிடாதா?”

“போகட்டும்.”

“அப்படி என்னப்பா கருத்து?”

மாடத்திலிருந்த, கடல்சிப்பி கல்லாகிப்போன சிப்பிக் கல்லை எடுத்தான். அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் கூடை கூடையாக வருகிற கல்தான்.

“இங்க கடலே இருந்ததில்லன்னு லட்சம் பேர் சொல்லட்டும். இந்த ஒரு சிப்பி போதும், அத்தனையும் பொய்யாக்க. விஞ்ஞானமும் அப்படித்தாம்மா. எத்தனை சாட்சி சேர்ந்தாலும் ஒரு கொள்கையை நிரூபிக்கப் போதாது. எதிர்சாட்சி ஒண்ணு வந்தா விழுந்துடும்.”

“இதை வேற யாரும் சொன்னதில்லையா?”

“சீமையில ஒருத்தர் ரெண்டு பேர் கிட்டக்க வந்திருக்காங்க. ஆனா இந்தக் கல்லை வச்சுச் சொன்னது நான்தான்.”

மதலேனம்மாள் பக்கத்திலிருந்த அந்தப் பத்திரிகையைப் புரட்டினாள். அச்சாகி வந்த தாள்களின் மடிப்பை வெட்டினால்தான் உள்பக்கம் திறக்கும். கடைசித் தாள் வெட்டாமலே இருந்தது.

“முழுசும் படிக்கலையா?”

“படிச்ச வரைக்கும் போதும். வரிக்கு வரி திருட்டு.”

அவள் பேனாக்கத்தியால் மடிப்பை நிதானமாக வெட்டினாள். கடித உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதையும் படி. அப்புறம் தரேன்.”

“ரயிலுக்கு நேரமாச்சும்மா.”

“படிப்பா.”

படித்தான். கோபம் மெல்ல இறங்கியது.

“என்ன போட்டிருக்கு?”

“‘இக்கருத்து என்னுடையதன்று, நண்பர் தேவசகாயத்தோடு வாதாடியதில் பிறந்தது. பெருமை அவரையே சேரும்’னு எழுதியிருக்கான்.”

உறையை வாங்கிக் கிழித்துப் போட்டான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பரவாயில்ல, நல்லவன்தான். உண்மையை ஒத்துக்கிட்டானே.”

மதலேனம்மாள் கல்லைத் துடைத்து மாடத்தில் வைத்தாள்.

“அன்னிக்கு உங்களுக்குப் பரிமாறினவ நான்தாம்பா. இந்தக் கல்லைக் கையில எடுத்து அந்தக் கருத்தைச் சொன்னது அந்தத் தம்பி. ரசம் ஆறிப்போற வரைக்கும் ‘தப்பு, தப்பு’ன்னு சண்டை பிடிச்சவன் நீ.”