பயில்வான் கை

"ஏலே வேலுச்சாமி, போன சீசன்ல பயில்வான் மாதிரி இருந்தே. அப்பவே பத்துப் பெட்டி தூக்கிட்டு உட்கார்ந்துட்டே. இப்ப கை முருங்கக்காயாட்டம் இருக்கு. எதை நம்பி உன்னை லோடு ஏத்த விட?" என்றார் மேஸ்திரி சுந்தரபாண்டி.

பட்டாசுப் பெட்டிகள் அடுக்கிய திருத்தங்கல் கிட்டங்கி வாசலில் லாரி காத்து நின்றது.

"இந்த ஒரு லோடு மட்டும் பாருங்க அண்ணாச்சி. முடியலேன்னா நானே போயிருதேன்."

லாரிக்கு வேண்டிய நூறு பெட்டிகளையும் அவன் நிற்காமல் ஏற்றி முடித்தான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நாளையில இருந்து வந்துரு. அம்புட்டுச் சதை இருந்தப்ப இல்லாத பலம், இப்ப எங்கன இருந்துலே வந்துச்சு?"

"அது சதை இல்ல அண்ணாச்சி, சீக்கு. டாக்டர் சின்னச் சுத்தியலால குதிகாலுக்கு மேல தட்டுனாரு. பாதம் டக்குனு இறங்குச்சு. திரும்பி வரத்தான் நேரமாச்சு. கழுத்துல தைராய்டு சுரக்கிறது குறைஞ்சா தசை சுருங்கி விரியிறதே மந்தமாயிருமாம். வீங்கி விறைச்சுப் பார்க்கப் பெருசா இருக்கும், பலம் இருக்காதாம். தினமும் வெறும் வயித்துல ஒரு குட்டி மாத்திரை போடுதேன். கை இளைக்க இளைக்கத்தான் பலம் வந்துச்சு."

சுந்தரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உடம்பு முடியலேன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லார் முன்னாடியும் சோம்பேறின்னு விரட்டியிருப்பேனாலே?"

வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"சீக்குன்னு எனக்கே தெரியாதே அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும், நான் சோம்பேறின்னுதான் நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்."